காட்சிக் கலையைப் பார்க்கப் பழகுவது எப்படி: சென்னையிலிருந்து தொடங்குவோருக்கு

காட்சிக் கலை என்றதும் பலருக்கும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய ஓவியமே நினைவுக்கு வருகிறது. ஆனால் கோயில் தூணில் நிற்கும் யாளி, கடற்கரைச் சாலையின் உழைப்பாளர் சிலை, வாசலில் இட்ட கோலம், கலம்காரித் துணி, பூஜை அறையின் நாட்காட்டி முருகன், கல்யாண ஆல்பத்தின் நிழற்படம் ஆகிய அனைத்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். இவற்றைப் பார்க்கப் பழக விரும்புவோர் வழக்கமாக ஒரு கலை வரலாற்று நூலை எடுத்துக்கொண்டு, காலகட்டங்களின் பெயர்களையும் இயக்கங்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்கி, சில அத்தியாயங்களிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். இங்கே பரிந்துரைக்கும் வழி வேறு. எந்தக் கலைப்பொருளின் முன் நின்றாலும், இது எந்தப் பொருளால், எந்தச் செய்முறையால் உருவானது என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். யார் செய்தது, எந்த நூற்றாண்டு, என்ன தத்துவம் என்பவை அதற்குப் பிறகு வரட்டும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினால் கலையின் எண்ணற்ற வடிவங்கள் தாமாகவே சில வகைகளுக்குள் அடங்கிவிடும். செதுக்கி நீக்குவது ஒரு வகை. உருக்கி வார்ப்பது ஒரு வகை. பூசுவது, அழுத்திப் பதிப்பது, சாயம் ஏற்றுவது, ஒளியைப் பிடிப்பது ஆகியவை மற்றவை. இவை ஒவ்வொன்றுக்கும் சென்னையிலோ, சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவிலோ நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

புறப்படுவதற்கு முன்

கோடு போடாத ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு 2பி பென்சிலும் போதும். அருங்காட்சியகத்துக்குச் சென்றால் எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் முடித்துவிட எண்ண வேண்டாம். அப்படி நடப்பவர் கால்வலியைத் தவிர வேறெதையும் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. ஒரு கூடத்தைத் தேர்ந்து, அதில் மூன்று பொருள்களை மட்டும், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமாவது ஒதுக்கிப் பாருங்கள். விளக்கப் பலகையைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். அதற்கு முன் நீங்கள் கண்டதை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். ‘அழகாக இருக்கிறது’ போன்ற மதிப்பீடு அந்த வரிகளில் கூடாது. எடை எந்தக் காலில் நிற்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது, எந்தப் பகுதி வழவழப்பாகவும் எந்தப் பகுதி சொரசொரப்பாகவும் இருக்கிறது என்பன போன்ற செய்திகளே வேண்டும். அதன்பின் அந்தப் பொருளை வரைந்து பாருங்கள். படம் கோணலாக வந்தாலும் கவலையில்லை. வரையும் கை, கண் தாண்டிச் சென்ற இடங்களுக்கெல்லாம் அதைத் திரும்ப அழைத்து வந்துவிடும்.

வார்ப்பு: எழும்பூர்ச் செப்புத் திருமேனிகள்

தொடங்குவதற்கு மிகச் சிறந்த இடம், 1851ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படிமக் கூடம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து பாந்தியன் சாலை வரை சென்று திரும்புவோர் இன்றும் உண்டு. இங்குள்ள சோழர் காலத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் முழு உருவத்தையும் முதலில் வடிக்கிறார்கள். அதன்மேல் நைசான வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, பிறகு கனமான மண் அடுக்குகளை ஏற்றி, கம்பியால் கட்டிச் சுடும்போது உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்தெடுக்கிறார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு மெழுகு உருவுக்கு ஒரு சிலைதான். அதே சிலையை அதே அச்சில் மறுமுறை வார்க்க இயலாது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். தென்னை ஓலை நறுக்கொன்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்து, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாலக் கணக்குப்படி முகம், மார்பு, தொடை ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

இந்தச் செய்முறையை மனத்தில் வைத்துக்கொண்டு திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நில்லுங்கள். வலப்பாதியில் இரண்டு கைகளும் இடப்பாதியில் ஒரே கையும் இருப்பதை முதலில் காண்பீர்கள். பிறகு, வலத்தொடையில் குட்டையாக நின்றுவிடும் ஆடை இடக்காலில் நீண்டு இறங்குவதையும், இடுப்பு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் செல்வதையும் பாருங்கள். இரு வேறு உடல்களை ஒட்டவைத்த தையல் எங்காவது தெரிகிறதா என்று நடுக்கோட்டைத் தேடுங்கள், கிடைக்காது. மென்மையான மெழுகை விரலாலும் சூடான கருவியாலும் வழித்து வழித்துச் செய்ததால்தான் ஓர் உடல் மற்றோர் உடலுக்குள் இப்படி நழுவிச் செல்ல முடிந்திருக்கிறது. அதே கூடத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரையும் ஒருமுறை பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னாலிருந்து மட்டும் எடுத்த படங்களிலேயே பழகிய கண்ணுக்கு, உடலின் முறுக்கும் தூக்கிய காலின் வீச்சும் அப்போதுதான் விளங்கும்.

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ உற்சவரைத் தரிசிக்கும்போது பட்டும் மாலையும் நகையும் போக முகமும் கைகளும்தான் நமக்குத் தெரிகின்றன. அருங்காட்சியகத்திலோ அலங்காரம் இல்லை, தீபாராதனை இல்லை, ஊர்வலத்தின் அசைவும் இல்லை. சிற்பி வடித்த முதுகையும் இடுப்பையும் அங்குதான் காண முடியும். சிலை எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வாழ்வைக் கோயிலில்தான் காண முடியும். ஒன்றைப் பார்த்தவர் மற்றதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கல்: நீக்கிப் பெறும் உருவம்

வார்ப்பில் தவறினால் மெழுகைத் திருத்திக்கொள்ளலாம். கல்லில் அந்த வசதி கிடையாது, பெயர்த்தது பெயர்த்ததுதான். கல்லின் தன்மை சிற்பத்தின் தன்மையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அறிய இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்கள் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கல்லில் செய்யப்பட்டவை. ஆந்திரத்துப் பௌத்தத் தூபியொன்றை அலங்கரித்த பலகைகள் அவை. கல் மென்மையாக இருப்பதால் ஒரு முழ வட்டத்துக்குள் கூட்டம் கூட்டமாக மனிதர்களையும் விலங்குகளையும் நகைகளின் மணிகளையும்கூடச் செதுக்க முடிந்திருக்கிறது. மாமல்லபுரத்தின் கருங்கல்லோ கடினமானது. அங்கே பல்லவச் சிற்பி நுணுக்கத்தைக் குறைத்து, பரந்த தளங்களையும் தெளிவான வரைகோடுகளையும் நம்பினான். அருச்சுனன் தபசுப் பாறையின் யானையில் அணிகலன் ஏதும் கிடையாது, அதன் பருமனே போதுமானதாக இருக்கிறது.

மாமல்லபுரத்தில் பெரும்பாலோர் முடிவுற்ற சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கற்றுக்கொள்ள வந்தவருக்கு முடிவுறாதவையே நல்ல ஆசிரியர்கள். பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டிப் பிரித்து, இடைப்பட்ட கட்டிகளை உடைத்தெறிந்து உள்ளே சென்ற முறையைப் பாதியில் நின்ற குடைவரைகளில் காணலாம். தருமராச ரதத்தின் மேல்தளங்கள் நிறைவாக இருக்க, கீழ்த்தளம் முற்றுப்பெறாமல் நிற்பதைக் கவனித்தால், வேலை உச்சியிலிருந்து கீழ்நோக்கி நடந்தது என்பது தானே புலப்படும். அடித்தளத்திலிருந்து கட்டி எழுப்பும் கோயிலுக்கு இது நேர் எதிரானது. ஊருக்குள் இன்றும் உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகள் உண்டு. 1957இல் தொடங்கிய அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. பட்டறையின் வாயிலில் நின்று அனுமதி கேட்டால் பெரும்பாலும் உள்ளே அழைப்பார்கள், ஆனால் கண்ணில் தூசி விழாத தொலைவில் நின்றுகொள்வது நல்லது.

நகரச் சிலைகளுக்கும் இதே பார்வை பொருந்தும். மெரினாவின் உழைப்பாளர் சிலை கல் அன்று, வெண்கலம்; 1959இல் நிறுவப்பட்டது. செய்தவர் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பாறையொன்றை நகர்த்தும் நால்வரின் உடல்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வுக்கோடுகளைப் பென்சிலால் நான்கு கோடுகளாக மட்டும் வரைந்தாலே சிற்பத்தின் விசை காகிதத்தில் வந்துவிடும். முழுவதும் சுற்றி வந்து பாருங்கள். காலை வெயிலில் கடல்பக்கத்திலிருந்தும், மாலையில் சாலைப்பக்கத்திலிருந்தும் அது வெவ்வேறு சிலையாகத் தோன்றும்.

பூச்சு: எண்ணெயும் தங்க ரேக்கும் பேனரும்

ஓவியத்தில் முதலில் கேட்க வேண்டியது, நிறப்பொடியை எதில் குழைத்திருக்கிறார்கள் என்பது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெதுவாக உலர்வதால், ஒரு நிறத்தை மற்றொன்றோடு ஈரத்திலேயே இழைத்துக் கலக்க நேரம் கிடைக்கிறது. ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்களில் பட்டுச்சேலையின் மடிப்பு மின்னுவதற்கு இந்த அவகாசமே காரணம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட காகிதந்தான். ஓவியர் எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவுசெய்தாக வேண்டும். அக்ரிலிக் விரைவில் உலரும். எனவே அதில் அடுக்கின்மேல் அடுக்காகத் தட்டையான வண்ணங்களைக் காண்பது வழக்கம்.

தஞ்சாவூர் ஓவியம் பாதி ஓவியம், பாதி புடைப்புச் சிற்பம். மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் சேர்ந்த மக்கைக் கொண்டு நகை, தூண், வளைவு ஆகியவற்றைப் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கை ஒட்டிய பிறகே வண்ணம் தீட்டுகிறார்கள். வாங்க எண்ணுபவர் படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து மக்கு வேலையின் விளிம்புகளைப் பார்க்க வேண்டும். கையால் இழைத்த விளிம்பில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும். எந்தத் தங்கம், எத்தனை காரட் என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

அண்ணா சாலையை ஒருகாலத்தில் ஆண்ட சினிமா பேனர்களையும் ஓவியக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கையகலப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் பலமடங்கு விரித்து, ஒவ்வொரு கட்டமாக முகத்தை நிரப்பினார்கள் பேனர் ஓவியர்கள். அருகில் நின்றால் கன்னத்தில் பச்சையும் நெற்றியில் நீலமும் திட்டுத்திட்டாகத் தெரியும். சாலையின் எதிர்ப்புறம் சென்றால்தான் அவை சேர்ந்து சிவாஜியாகவோ எம்.ஜி.ஆராகவோ மாறும். ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் அந்தத் தொழில் ஒடுங்கிப்போனது. மிஞ்சிய சுவரோவியங்களில் அந்தக் கட்டம் போடும் முறையை இன்னும் காணலாம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் 2020 முதல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அது மக்கள் வாழும் பகுதி. சுவரைப் படமெடுக்கும்போது வாசலில் இருப்பவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுங்கள்.

நவீன ஓவியத்தின் முன் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று குழம்புவோருக்கு ஈஞ்சம்பாக்கத்தின் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைப் பரிந்துரைப்பேன். அன்றைய கலைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய இக்கிராமத்தை, மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தைக் கொண்டு கலைஞர்களே நிலைநிறுத்தினார்கள். பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் எழுத்துகள் போலவும் சாதகக் கட்டங்கள் போலவும் வரிவரியாக ஏதோ எழுதியிருக்கும். அதைப் படிக்க முயலாதீர்கள். படிப்பதற்காக எழுதியவை அல்ல. பக்கம் எங்கே அடர்ந்து, எங்கே காலியாகிறது, எந்தக் குறி பெரிதாகித் தனித்து நிற்கிறது என்று பாருங்கள். பாட்டியின் பழைய ஓலைச்சுவடியை எழுத்துத் தெரியாமல் பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பார்வை எளிதில் கைவரும். அங்கேயே பி.வி. ஜானகிராமின் தகடு தட்டிச் செய்த சிற்பங்களைப் பார்க்க வாய்த்தால், சாமிக்குச் சாத்தும் கவசத்தின் மரபு நவீனச் சிற்பத்துக்குள் எப்படி நுழைந்தது என்பது புரியும்.

அச்சும் கோடும்

ஓவியக் கண்காட்சியில் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு காகிதத்தின் அடியில் பென்சிலால் 3/10 என்று எழுதியிருந்தால் அது பதிப்போவியம். பத்துப் பிரதிகளில் மூன்றாவது என்று பொருள். அது நகல் அன்று, ஒவ்வொரு பிரதியையும் கலைஞரின் பார்வையில் தனித்தனியே அழுத்தி எடுக்கிறார்கள். மரக்கட்டையில் மேடாக எஞ்சிய இடம் மையைத் தாங்குகிறது. எட்சிங்கில் இதற்கு நேர்மாறாக, உலோகத் தகட்டில் அமிலம் அரித்த பள்ளத்தில் மை தங்குகிறது. ஈரக் காகிதத்தை உருளை அழுத்தும்போது தகட்டின் விளிம்பும் காகிதத்தில் பதிந்துவிடுவதால், படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளக்கோடு தெரியும். லித்தோகிராஃபில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை; கொழுப்பும் நீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை நம்பிக் கல்லிலிருந்து அச்சாகிறது. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் கண்காட்சிக் கூடங்களோடு பதிப்போவியப் பட்டறையும் இருக்கிறது. கண்காட்சி நடக்கும் நாளில் கலைஞரே அங்கிருந்தால், எந்தத் தகடு, எத்தனை முறை அமிலத்தில் இட்டீர்கள் என்று கேளுங்கள். விலையைக் கேட்பதைவிட அவர் அதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

அச்சின் வழியாகவே ஓவியம் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. ரவி வர்மா 1894இல் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களைப் பூஜை அறைக்குக் கொண்டுவந்தது. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று கோவில்பட்டியில் குடியேறிய கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் சிவகாசி நாட்காட்டிகளுக்கு முகம் கொடுத்தார்கள். கோபுலுவின் நகைச்சுவைக் கோடுகளையும், கோயில்களில் அமர்ந்து சில்பி வரைந்த சிற்பச் சித்திரங்களையும், ஆதிமூலத்தின் காந்தி வரைகோடுகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால், கறுப்பு மை ஒன்றே மூன்று வேறு மொழிகள் பேசுவதை உணரலாம்.

துணி, கோலம், நிழற்படம்

கலம்காரியில் வண்ணம் துணியின்மேல் உட்காருவதில்லை, நூலுக்குள் ஊறுகிறது. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் புளித்த நீரைத் தொட்டு எழுதினால் கோடு கறுக்கிறது. படிகாரம் தொட்ட இடம் மட்டும் சாயத்தில் சிவக்கிறது. துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது நல்ல சோதனை. இயற்கைச் சாயம் மறுபுறமும் ஊடுருவியிருக்கும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கைவினைப் பிரிவில் நெசவோடு இந்தக் கலையும் பேணப்படுகிறது. முட்டுக்காட்டின் தக்ஷிணசித்ராவில் துணியும் மண்பாண்டமும் அவை பயன்பட்ட வீடுகளோடு சேர்த்துக் காட்டப்படுகின்றன; அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கோலத்தைக் கற்க எங்கும் போக வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அரிசி மாவு ஒரே சீராக இறங்கும்படி கையை நகர்த்துவதே முதல் பாடம். கோலமாவை விட அரிசி மாவு நழுவுவது கடினம், எனவே கையைச் சீக்கிரம் பழக்கும். ஐந்து நேர்ப்புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டு, அது ஒரே இழையில் முடிகிறதா, பல இழைகள் பின்னியிருக்கின்றனவா என்று விரலால் தடம் பிடித்துப் பாருங்கள். இந்த இழைகளின் இலக்கணத்தைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலானோர் 1970களில் கணிதமாகவே ஆராய்ந்தனர். சனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டிக்குச் சென்றால், முடிந்த கோலத்தைப் பார்ப்பதை விட முதல் பத்து நிமிடம் புள்ளி வைப்பதைப் பார்ப்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

நிழற்படம் நம் எல்லோர் கையிலும் இருப்பதாலேயே அதைக் கலையாகப் பார்ப்பது சற்றுக் கடினம். சட்டத்தின் விளிம்பில் எது வெட்டப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். வெட்டியது தற்செயலா, முடிவா என்று கேளுங்கள். 2016இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே என்னும் நிழற்பட விழா நடக்கும் பருவத்தில் பொது இடங்களிலேயே படங்கள் வைக்கப்படுவதால் நுழைவுச்சீட்டுத் தயக்கம் இல்லாமல் பழகலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால்

பார்த்துப் பழகியவர் விரைவில் ஒன்றை வாங்க விரும்புவார். முதலில் பதிப்போவியமோ கோட்டோவியமோ வாங்குவது கைக்கு அடக்கம். சென்னையின் ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுங்கள். கண்ணாடி காகிதத்தை நேராகத் தொடாதபடி நடுவே அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டமிடச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்புறம் சுவரை ஒட்டாமலிருக்க நான்கு மூலைகளிலும் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகள் தென்பட்டால் நீங்களே துடைக்காமல், காகிதப் பாதுகாப்பு அறிந்தவரிடம் உடனே கொடுத்துவிடுங்கள்.